குளத்து நிலம் என்றால் கோப்பு ஓடும்

நெல்லையின் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில் எழுந்தது. 2003-ல் திறந்தார்கள். பெருகிவரும் ஊருக்கு இன்னொரு பேருந்து நிலையம் தேவைதான், அதில் தகராறு இல்லை. ஆனால் இடம்? குளத்து நிலம் அரசுடையது. யாருக்கும் இழப்பீடு தர வேண்டாம், பட்டாதாரர் யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார். மதுரையிலும் இதே கணக்குதான். 2004-ல் வந்த உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை அங்கேதான் விசாரிக்கிறார்கள்!

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. எந்த ஊரும் திணறியிருக்கும். நெல்லை சந்திப்புப் பகுதி மூழ்கியது. கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டியிருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ஆனால் குளங்களில் கட்டியதை மறந்து, மழையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வது அதிகாரிகளுக்கு வசதி.

எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வகுப்பது முழுமைத் திட்டம். அதன் வரைவை வெளியிட்டு, மக்களிடம் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்கிறது 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டம். கேட்கிறார்கள், நாளிதழின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில்.

அடுத்த முறை அந்த அறிவிப்பு கண்ணில் பட்டால், உங்கள் தெருவின் சர்வே எண் எந்தப் பயன்பாட்டுக்கான நிறத்தில் இருக்கிறது என்று திட்ட வரைபடத்தில் பாருங்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.