அடிக்கவும் உரிமை, மறுக்கவும் உரிமை

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் மலையில் குடைந்த சிவன் கோயிலில், குடுமியான்மலையில் இருப்பதைப் போன்ற ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. இன்று அதில் சில எழுத்துகளே மிச்சம். அந்த மிச்சத்தையும் அறிஞர்கள் தேடிவந்து படிக்கிறார்கள்; படிக்கத்தான் வேண்டும். ஆனால் இதே மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் பறையின் அடிகளை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. வளைந்த மரக்கட்டைகளைப் பொருத்திச் சட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்தே பதம் அறிகிறார்கள். பிறகு ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. இரண்டும் சேர்ந்தால்தான் அடி பிறக்கும். இத்தனை நுட்பத்தையும் ஊர் கலையாகப் பார்க்கவில்லை, ஒரு சாதியின் கடமையாகவே பார்த்தது. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் போயே ஆக வேண்டும் என்பதே வழக்கமாக இருந்தது.

நகரம் தளர்த்தியது இந்தக் கட்டாயத்தைத்தான். 2018 ஜனவரியில் சென்னையில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை மேடையேற்றினார்கள். வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்ட கானாவும், பறையும், ராப்பும், கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. குழுவின் பெயருக்கு அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையே ஊற்று. 1893-இலேயே இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரையே தலைப்பாக்கிப் ‘பறையன்’ என்ற இதழை நடத்தினார். பிறர் சுமத்திய அடையாளத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் துணிவு அது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வடக்கே குடியேறிய கறுப்பின மக்கள் 1920-களில் நியூயார்க்கின் ஹார்லெமில் தங்கள் பாட்டையும் எழுத்தையும் தலைநிமிர்ந்து முன்வைத்ததும் இதே துணிவுதான். அமெரிக்காவில் 1966-இல் பிறந்த கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைப் பார்த்தே 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள்.

கலையில் அரசியலைக் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். பதில் திருமயத்திலேயே இருக்கிறது. 1887-இல் இங்கே பிறந்த தீரர் சத்தியமூர்த்தி, நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று பிறர் ஏளனம் செய்த காலத்தில் அவர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தார். நாடகப் பாடகி கே.பி. சுந்தராம்பாளின் குரல் விடுதலைக்காக ஒலித்தது. அதனால் நாடகம் கெட்டுவிட்டதென்று இன்று யாரும் சொல்வதில்லை. நாட்டின் விடுதலையைப் பாடலாம் என்றால் மனிதனின் விடுதலையையும் பாடலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளிருந்தே வருகிறது. இழிவின் அடையாளமான பறையைத் தூக்கி எறிவதே விடுதலை என்கிறார்கள் அவர்கள். செத்த மாட்டைத் தூக்கும் வேலையைக் கைவிடச் சொன்ன அம்பேத்கரின் வழி அது. எத்தனையோ ஊர்களில் சாவுக்கு அடிக்க மறுத்தவர்கள் அதற்காக அடியும் ஒதுக்கலும் பட்டிருக்கிறார்கள். அவர்களது மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மறுத்தவரும், மேடையில் விரும்பி அடிப்பவரும் எதிரெதிர் அணியில் இல்லை. ‘முடியாது’ என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருந்தால்தான், இன்னொருவர் அடிக்கும் அடி கலையாகிறது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அந்த மரியாதை, விரும்பி வாசிப்பவரின் கலைக்குக் கிடைத்தது.

கைதட்டல் மட்டும் சமத்துவம் ஆகிவிடுமா? ஆகாது. சென்னை மேடைகளில் பறை முழங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2022 டிசம்பரில், இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இசையை ரசிக்கும் காது, தண்ணீருக்கு நியாயம் கேட்கும் வாயாகத் தானாக மாறிவிடாது. அதனால் மேடை வீண் என்று முடிவு கட்டுவதும் தவறு. நகரம் கொடுத்த உரிமை திருமயம் போன்ற ஊர்களுக்கும் வந்து சேர வேண்டும். திருவிழா நோட்டீசில் நாதஸ்வர வித்வான் பெயர் பட்டத்தோடு அச்சாகிறது. பறை அடிப்பவரின் பெயரும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். முன்பணமும் பேசிய கூலியும் குறையாமல் சேர வேண்டும். வர முடியாது என்று அவர் சொன்னால் ஊர் அதை அமைதியாக ஏற்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கும் ஊரில்தான் பறை எல்லோருக்குமான தமிழிசை என்று பெருமை பேசும் தகுதி நமக்கு உண்டு.