நீச்சலுடை கட்டாயம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கும் சொகுசு விடுதிகளில், விடுமுறையில் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் தருவது வழக்கம். விடியற்காலையில் கடலோர யோகா, அலைச்சறுக்குப் பயிற்சி, கயாக் படகு, மணலில் கைப்பந்து, மூலிகை எண்ணெய் மசாஜ், சிற்பங்களைப் பார்க்க சைக்கிள் பயணம். நாங்கள் தங்கிய விடுதியின் அட்டையில் மாலை ஐந்து மணிக்கு ‘கோலம் போடக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரியும் இருந்தது. அதை நங்கைக்கு வாசித்துக் காட்டினேன். (அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.)

“இதுக்குக் காசு வாங்கறாங்களா, குடுக்கறாங்களா?” என்று கேட்டார்.

நங்கைக்கு ஐம்பத்தெட்டு வயது. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம், இரண்டு மாடுகள், ஒரு அண்ணன். சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகள்தான் எங்கள் இருவரையும் இரண்டு இரவுகளுக்கு அங்கே அழைத்துப் போனாள். ஆண்கள் யாரும் வரக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. “அப்பா வந்தா அம்மா அங்கயும் துண்டு எடுத்துக் குடுத்துட்டே இருக்கும் அத்தை” என்றாள். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பட்டியலில் இல்லாத ஒன்று, சும்மா இருப்பது. அதன் அருமையைத் தாயுமானவர் பாடியிருக்கிறார். ஆனால் அவருக்கு மல்லிகைத் தோட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பூப்பறிக்க இறங்குவார்கள். மொட்டு மொட்டாகவே சந்தைக்குப் போயாக வேண்டும், விரிந்துவிட்டால் விலை இல்லை. செடிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. முப்பது வருடங்களாக அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பு, கடலோர மெத்தையிலும் அதே நேரத்துக்குத்தான் எழுந்தது. நான் கண் விழித்தபோது நங்கை இரவு குடித்த காப்பிக் கோப்பைகளைக் கை கழுவும் தொட்டியில் கழுவிக் கவிழ்த்து, போர்வைகளை மடித்து, குளியலறைத் தரையை வழித்துவிட்டிருந்தார். அப்புறம் செய்வதற்கு எதுவும் இல்லாமல் கட்டிலின் ஓரத்தில், பேருந்துக்குக் காத்திருப்பவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

“படுங்க நங்கை.”

“படுத்து என்ன பண்றது அம்மிணி?”

காலை பத்து மணிக்கு நீச்சல்குளத்துக்குப் போனோம். சுவரில் அறிவிப்பு: நீச்சலுடை கட்டாயம், பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது. “ஏனுங் தம்பி, சீலையோட எறங்குனா தண்ணி கோவிச்சுக்குமா?” என்று நங்கை கேட்டார். காவலுக்கு நின்ற பையன் சிரித்துவிட்டான். ஃபில்டரில் நூல் சிக்கிக்கொள்ளும், சாயம் இறங்கும் என்று மரியாதையாகவே விளக்கினான். காரணம் நியாயமானதுதான். நனைந்த ஐந்தரை கெஜம் காலைச் சுற்றினால் நீந்தத் தெரிந்தவளும் தடுமாறுவாள். ஆனாலும் அந்த அறிவிப்பின் முன்னால் நின்றபோது ஒன்று உறைத்தது. ஆண் ஒருவன் அரைக்கால் சட்டையோடு குளத்துக்குள் வந்துவிடலாம். எங்களுக்கோ முதலில் ஒரு துணியை வாங்க வேண்டும், பிறகு அதைப் போடும் துணிச்சல் வேண்டும், அதன்பிறகுதான் தண்ணீர்.

தண்ணீர் ஓரத்துப் பெண்ணின் உடை எல்லா ஊரிலும் யாராவது ஒருவருக்குக் கவலையாக இருக்கிறது. 2016 கோடையில், மத்தியதரைக் கடலோரத்துப் பிரெஞ்சு நகரமான கானின் மேயர், உடல் முழுக்க மூடும் புர்கினிக்குக் கடற்கரையில் தடை விதித்தார். சுமார் முப்பது ஊர்கள் அவரைப் பின்பற்றின. நீஸ் கடற்கரையில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி மேலங்கியைக் கழற்ற, சுற்றிலும் ஆயுதம் தாங்கிய போலீஸ்காரர்கள் நிற்கும் படங்கள் உலகம் முழுக்க வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஓர் ஊரின் தடையை நிறுத்திவைத்தது. அங்கே மூடினால் குற்றம், இங்கே திறந்தால் குற்றம். இரண்டு கரையிலும் அளவுநாடாவைப் பிடித்திருப்பவர்கள் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

சேலையோடு கடலில் இறங்குவதை நம் ஊர் ஒருபோதும் தடுத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராமேசுவரத்தில் பாவம் தொலைக்க இறங்கலாம். பிழைப்புக்கும் இறங்கலாம். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்குமேல் சட்டையைப் போட்டு, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்குகிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. பாசி வளர அவகாசம் கொடுத்து மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது என்ற கட்டுப்பாட்டைத் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். வேலையாக இருந்தால், விரதமாக இருந்தால், பெண் எவ்வளவு ஆழத்துக்கும் போகலாம். விளையாட்டுக்கு என்றால்தான் கேள்விகள் வருகின்றன.

வகுப்பில் தொல்காப்பியம் நடத்தும்போது, கடல்வழிப் பயணம் பெண்ணோடு கூடியதில்லை என்ற அகத்திணையியல் நூற்பாவில் ஒவ்வொரு ஆண்டும் நான் சற்று நின்றுவிடுவேன். அதற்குப் பொருள் சொல்வதில் உரையாசிரியர்களுக்குள் வேறுபாடு உண்டு. மாணவிகளுக்கு அந்தச் சந்தேகம் எதுவும் வருவதில்லை, தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் அதே தமிழில் பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். மூன்றும் விளையாட்டு. குமரகுருபரரின் மீனாட்சிகூட வைகையில் இறங்கி ஆடுகிறாள். தெய்வமாகப் பிறந்தால் ஆடலாம் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பையன்களுக்குக் கிணறுதான் நீச்சல்குளம். காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டித் தள்ளிவிடுவார்கள், ஒரு கோடை விடுமுறையில் மீனாகிவிடுவான். என் அண்ணன் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிப்பான். நான் மேல்படியில் அவன் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு வருடம் எனக்கும் புருடை கட்டினார்கள். கைகால் அடிக்கப் பழகியபோது பெரியவளாகிவிட்டேன், அதோடு கிணற்றுப் படி முடிந்தது. இப்போதும் கொடிவேரியில் பாருங்கள், ஆண்கள் தடுப்பணையில் அருவிபோல் விழும் தண்ணீருக்கு நேராக நிற்பார்கள். பெண்கள் சுடிதாரின்மேல் துப்பட்டாவைச் சுற்றி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் குளிப்பார்கள்.

விடுதியில் எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண், நங்கை ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டதைப் பார்த்துத் திகைத்து நின்றார். பேச்சு வளர்ந்தது. பக்கத்துக் குப்பத்துக்காரர். ஆறு வருடங்களாக அங்கே வேலை. குளத்தில் ஊழியர்கள் இறங்கக் கூடாது. கடலில்? “எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத்தான் தெரியும்.” கடலுக்கு நூறடியில் பிறந்தவர். மலையடிவாரத்தில் பிறந்த எங்களுக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை கடலூர் மாவட்டத்துக்கு ஒரு கணக்குத் தருகிறது: இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஒரு கிராமத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆண்கள் பலர் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், அங்கே அலை எழும்பவில்லை. பெண்கள் மீனை வாங்கக் கரையில் காத்திருந்தார்கள். இலங்கையைப் பற்றிச் சொல்லும்போது அதே அறிக்கை, நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே கற்றுத் தருகிறார்கள் என்கிறது. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்த பெண்பிள்ளைகளின் கணக்கும் அந்த எண்களுக்குள் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நீச்சலை விடுமுறைப் பொழுதுபோக்குப் பட்டியலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வருகின்றன.

மாமல்லபுரத்தில் சறுக்குப்பலகை ஓட்டியும் அலைச்சறுக்கு ஆடியும் வளர்ந்த கமலி மூர்த்தியைப் பற்றியும், அவளைத் தனியாக வளர்த்த தாயைப் பற்றியும் 2019இல் ஓர் ஆவணப்படம் வந்தது. அண்ணன் மகள் அதை அன்று மாலை செல்போனில் போட்டுக் காட்டினாள். நங்கை கடைசிவரை பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளையை அல்ல, தாயை என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை விடுதிக் கடையில் முழங்கால்வரை காலும் அரைக்கையும் வைத்த கருநீல உடை ஒன்றை மகள் வாங்கி வந்தாள். விலையை எங்களிடம் சொல்லவில்லை. நங்கை அதைப் போட்டு, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலே பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டார். குளத்தின் மூன்றடி ஆழப் பக்கத்தில் இறங்கும் கடைசி நொடியில்தான் துண்டு என் கைக்கு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு மகள் அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, “தலையைத் தண்ணிக்கு விட்டுரும்மா” என்றாள். கால்கள் மெதுவாக மேலே வந்தன. கையை அவள் எப்போது எடுத்தாள் என்று எனக்கே தெரியவில்லை.

“காதுக்குள்ள கெணத்துச் சத்தம் கேக்குது அம்மிணி” என்றார் நங்கை, வானத்தைப் பார்த்தபடி.

ஊருக்கு வந்து நான்கு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அந்த உடை குளியலறைக்குள், ஒரு பழைய துண்டுக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தது. வாசல் கொடியில் அண்ணனின் வேட்டிகள் மட்டும். அண்ணன் கேட்டாரா என்றேன். “கேக்குல, நானுஞ் சொல்லுல” என்றார். காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கோவிலயோ ஈரோட்டுலயோ பொம்பளைங்களுக்குன்னு தனி நேரம் வெச்சிருக்கற கொளம் இருக்குதான்னு விசாரிச்சுச் சொல்லு. பூவு எடை போட்டுக் குடுத்துட்டு, ஒம்பது மணிக்கு மேலன்னா எனக்குத் தோது.”