வேப்பெண்ணெய் தடவிய கை

டென்னசியில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டம்மா ஒரு வாரம் வெளியூர் போவதற்காகத் தன் பூனையை என்னிடம் விட்டுப் போனார். கருப்பும் வெள்ளையுமாக முடி கலந்து, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. கண்ணைச் சுற்றியும் மூக்கின் மேலும் முடியே இல்லை. மூன்றாம் நாள் தடவிக் கொடுத்தபோது கொத்தாக முடி கையோடு வந்தது. முதுகில் வெறும் தோல் தெரிந்தது.

சொறிதான் என்று முடிவு கட்டினேன். மகளை அதன் பக்கம் போகவிடவில்லை. ஊரில் ஆட்டுக்குப் பாட்டி செய்த வைத்தியம் நினைவுக்கு வந்தது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து முதுகில் பூசினேன். பூனை உடனே திரும்பி நக்கியது. சற்று நேரத்தில் எச்சில் நூலாக வடிய, கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

பதறிப்போய்க் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே எண்ணெய் போகக் குளிப்பாட்டி, இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். "இதற்குத் தோல் நோய் எதுவும் இல்லை. இது லைகோய் இனம்" என்றார் டாக்டர்.

அன்றிரவு தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். கிரேக்க மொழியில் லைகோஸ் என்றால் ஓநாய். அதிலிருந்து வந்த பெயர். 2010-ஐ ஒட்டி, வர்ஜீனியாவிலும் டென்னசியிலும் சாதாரணப் பூனைகளுக்கே இப்படிக் குட்டிகள் பிறந்திருக்கின்றன. கண்டவர்களுக்கும் முதலில் நோய் என்ற சந்தேகம்தான். ஆனால் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். டென்னசி பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது நோய் எதுவும் அகப்படவில்லை. சில மயிர்க்கால்களில் முடி உண்டாகத் தேவையான பாகங்களே முழுமையாக இல்லை. மற்றவற்றில் முளைத்த முடியைப் பிடித்து வைக்கும் வலு இல்லை. அதனால்தான் உதிர்வதும் முளைப்பதுமாக இருக்கிறது. 2020-இல் வெளிவந்த ஆய்வு, ஹேர்லெஸ் என்ற ஒரே மரபணுவில் ஆறு வகை மாற்றங்களைக் கண்டது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் குட்டி இப்படிப் பிறக்கும்.

பக்கத்து வீட்டம்மா திரும்பியதும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். ஒரு உயிரின் உடம்பில் கை வைக்கும் முன், அதை அறிந்தவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அக்கறையால்தான் செய்தேன் என்பது அந்தப் பூனை பட்ட பாட்டுக்குச் சமாதானம் ஆகாது. அன்று முதல் மருந்து, கைவைத்தியம் எதுவானாலும் கேட்காமல் எடுப்பதில்லை.

அதன்பிறகு அந்தப் பூனை வேலி தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். நான் கை நீட்டினால் பின்வாங்கும். மகள் மடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.