சதம் புழங்கிய சந்தை

சுன்னாகம் சந்தைக்கு அம்மம்மா தாள்காசு கொண்டுபோய் நான் கண்டது குறைவு. சேலைத் தலைப்பில் குற்றிகளை முடிந்து இடுப்பில் செருகியிருப்பார். வெங்காயத்துக்கு விலை பேசி முடித்ததும் முடிச்சை அவிழ்ப்பார். கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும். மூலை மழுங்கிய சதுரம் அஞ்சு சதம். ஓரம் வளைந்து வளைந்து பூப்போல வந்தால் பத்துச் சதம். அதே வளைவோடு கையில் பாரமே தெரியாவிட்டால் ரண்டு சதம். சின்ன வட்டமாய், ஊதினால் பறக்குமாப்போல் இருந்தால் அது ஒரு சதம். பிற்காலத்தில் கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகும் மிச்சக் காசில் அவரை ஒருவரும் ஏமாற்றவில்லை.

அந்தப் பாரமில்லாத சதங்கள் 1963இல் வந்தவை. மன்னர், மகாராணி தலைகள் போய் நாட்டின் இலச்சினை ஏறிய குற்றிகள். ஒன்றும் இரண்டும் அலுமினியம். அஞ்சும் பத்தும் மஞ்சள் உலோகம். கிணற்றடி வாளியில் தண்ணீர் ஆடாமல் நிற்கும் நேரம் பார்த்து ஒரு சதத்தைப் படுக்கையாக மெல்ல விட்டால் மிதக்கும். குற்றியைச் சுற்றித் தண்ணீர் சற்றுக் குழிந்து, அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும். விரல் நுனி ஓரத்தில் பட்டதும் சரிந்து, மினுங்கி மினுங்கி அடிக்குப் போகும். பின்னேரம் முழுக்க இதையே செய்துகொண்டிருப்போம். அதற்கு முந்திய செப்புச் சதம் வேறு சாதி. ஒரு பக்கம் மன்னர், மறுபக்கம் நெடிய மரம். யார் என்ன பெயர் சொன்னாலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது பனைதான். பழப்புளி போட்டுத் தேய்த்தால் கறுப்புக் கழன்று மரம் சிவந்து எழும்பும்.

அம்மம்மா அரைச் சதத்தையும் புழங்கியவர். 1940க்குப் பிறகு அது அடிக்கப்படவில்லை. உலகப் போர் உலோகத்தைத் தின்ற காலத்துக் கதையொன்றும் சொல்வார். 1942இல் அஞ்சு சதத்துக்குத் தாள் வந்ததாம். நடுவே தபால் முத்திரைபோல் துளை வரிசை. அதில் கிழித்தால் ஒரு துண்டு ரண்டு சதம், மற்றது மூன்று சதம். சின்ன வயதில் நான் நம்பவில்லை. பிறகு ஒரு நாணயச் சேகரிப்பாளரிடம் அந்தத் தாளைக் கண்டேன். உலகமே எரியும்போதும் இரண்டு சதத்துக்கு மிச்சம் கொடுக்க ஒரு வழி வேண்டும் என்று அன்றைய அரசு நினைத்திருக்கிறது. அது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு கொட்டில் கடை இருந்தது. கடைக்கார அண்ணையின் லாச்சி ஒரே பலகையில் கிண்ணம் கிண்ணமாகக் கடைந்தது, சதத்துக்கு ஒரு குழி, அஞ்சு சதத்துக்கு ஒரு குழி. அஞ்சு சதத்தோடு போனால் தோடம்பழ இனிப்பு. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பேப்பர்ச் சரையில் கச்சான். ஆனால் அந்தச் சின்னக் காசு பிள்ளைகளுக்காக மட்டும் இருந்ததில்லை. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள் பொழுதுபட வந்து அன்றைய உலைக்கு மட்டும் வாங்குவார்கள்: ஒரு கை செத்தல் மிளகாய், ஒரு சுண்டு அரிசி, போத்தலின் அடியில் ரண்டு விரல் மண்ணெண்ணெய். கால் றாத்தல், அரைக்கால் றாத்தல் என்று கேட்க அவர்களுக்கு வெட்கமில்லை, கொடுக்க அண்ணைக்கும் சலிப்பில்லை. காசு அந்த அளவுக்கு இறங்கியதால் அளவையும் இறங்கியது. குறைந்த காசு இல்லாத கடையில் கொஞ்சமாய் வாங்க முடியாது.

சின்னக் காசு எங்கள் மண்ணுக்குப் புதிதுமல்ல. கந்தரோடை எங்களுக்கு நடை தூரம். போல் பீரிஸ் நூறு வருடங்களுக்கு முன் ஆராய்ந்த அந்த மண்ணிலிருந்து உரோமக் காசு உட்பட எத்தனையோ பழங்காசுகள் வந்தன. நல்லூர் அரசர்கள் வெளியிட்ட சேதுக் காசில் நந்தி படுத்திருக்கும், கீழே தமிழில் ‘சேது’ என்றிருக்கும். அவற்றில் செப்புக் காசைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கொடுத்து யாரோ உப்பு வாங்கியிருப்பார்கள் என்றுதான் நினைப்பேன்.

எங்கள் சதம் நாள் குறித்துப் போகவில்லை. 1978இல் அஞ்சும் பத்தும்கூட அலுமினியமாயின. மஞ்சள் போனதும் அம்மம்மாவின் விரலுக்கே தடுமாற்றம். விலைகள் ஏற ஏற, லாச்சியின் ஒவ்வொரு குழியும் வெறுமையானது. போர்க்காலத்தில் கையில் இருந்தது மடித்து மடித்து நடுவே பிரிந்து, பசை பூசி ஒட்டிய தாள்கள். 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது பால்மாப் பேணி நிறைய இருந்த சதங்களை நாங்கள் விட்டுவிட்டுத்தான் போனோம். அவற்றால் அப்போது ஒரு நெருப்புப்பெட்டிகூட வாங்க முடியாது.

இப்போது முறை ரூபாவுக்கு. 2017இல் துருப்பிடிக்காத உருக்கில் புதிதாய் வந்த ஒரு ரூபாக் குற்றியை, 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபது ரூபாவுக்குத் தாவிய பிறகு, எடுப்பாரில்லை. மிச்சத்துக்கு ரொபி தருகிறார்கள். பஸ்ஸில் மிச்சத்தை ரிக்கற்றின் பின்பக்கம் எழுதித் தருகிறார்கள். இறங்கும் நெரிசலில் அது போய்விடுகிறது. வங்கிப் புத்தகத்தில் மட்டும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கங்கள் இன்னும் ஒழுங்காக நிற்கின்றன.

ஒன்றும் வாங்க உதவாத குற்றியை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தியா 2011 ஜூனோடு இருபத்தைந்து பைசாவையும் அதற்குக் கீழ்ப்பட்டவற்றையும் நிறுத்தியது. அமெரிக்காவில் ஒரு சதத்தை அடிக்க மூன்றரைச் சதத்துக்கு மேல் செலவாகி, 2025 நவம்பரில் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிச் சதம் அடிக்கப்பட்டது. எனக்குப் பிடித்தது கனடா செய்த விதம். 2012இல் அடிப்பதை நிறுத்தி, 2013 பெப்ரவரியில் விநியோகத்தையும் நிறுத்தியபோது ஒரு முறையும் சொன்னார்கள்: மொத்தத் தொகையை மட்டும் கிட்டிய அஞ்சு சதத்துக்கு மேலேயோ கீழேயோ மாற்றலாம், அதுவும் கைக்காசுக்கு மட்டும். ஸ்காபரோவில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊரவர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள், கொடுக்கிறார்கள். ரொபிக்கு அங்கே இடமில்லை.

போன ஆவணியில் சுன்னாகத்தில் முளைக்கீரை விற்றுக்கொண்டிருந்த ஆச்சியிடம் ஒரு ரூபாக் குற்றி எடுப்பாவோ என்று கேட்டேன். “அதை ஆர் மோனை இப்ப வாங்கீனம்? பிடி நாற்பதெண்டா நாற்பது, இல்லாட்டி அம்பது” என்றார். வித்துக்கோ பசளைக்கோ மூன்று ரூபா கூடினால்? ஆச்சி அதைக் கீரைப்பிடியில் கழிக்கிறார், பிடி மெலிகிறது. அல்லது வாங்குபவர் பத்து ரூபா கூடக் கொடுக்கிறார். ரூபாவை நிறுத்துவதானால் நிறுத்தட்டும். ஆனால் அந்த மூன்று ரூபாவை யார் சுமப்பது என்பதை ஆச்சியின் தலையிலும் வாங்க வருபவரின் தலையிலும் போடாமல், கனடாபோல் ஒரு முறையை முன்கூட்டியே அறிவித்து, சந்தை வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.