பேஸ் வாசிக்கும் தம்பி, தங்கைகளுக்கு

ஆடி பிறந்தால் பிரம்மதேசம், திண்டிவனம், விழுப்புரம் பக்கமெல்லாம் அம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் கச்சேரிதான். இளையராஜா பாட்டு இல்லாமல் எந்தக் கச்சேரியும் நிறையாது. அவருக்காக சசிதரன் வாசித்த பேஸ், பாட்டுக்குள் தனி மெட்டாகவே ஓடும். அது கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்.

பேஸின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே. அதனால் கிட்டார் ஆம்பில் பேஸை மாட்டிச் சத்தம் கூட்டாதீர்கள், ஸ்பீக்கர் போய்விடும்.

காசு குறைவென்றால் முதலில் டியூனர், அடுத்து கம்ப்ரஸர், பிறகு டிஐ பாக்ஸ். மாட்டுவதும் இதே வரிசைதான். ஓவர்டிரைவ், கோரஸ் எல்லாம் பிறகு பார்க்கலாம். டிஐ-யிலிருந்து ஒரு வயர் மிக்ஸருக்கு, இன்னொன்று மேடை ஆம்புக்கு. கூட்டத்துக்குக் கேட்பது மிக்ஸர் வழியாகத்தான். ஆம்ப் உங்கள் காதுக்கு. எனவே கடன் வாங்கிப் பெரிய ஆம்ப் எடுக்க வேண்டாம்.

ஆம்ப் 4 ஓம் வரை தாங்குமென்றால் 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு போடலாம். மூன்றாவது வேண்டாம். ஸ்பீக்கருக்கு கிட்டார் வயரைப் போடாதீர்கள்.

முக்கியமானது: இரைச்சல் வந்தால் டிஐ-யில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் பிடுங்காதீர்கள். கையில் உலோகத் தந்தி, உதட்டில் மைக். கசிவு இருந்தால் உயிர் போகும்.

உங்கள் ஊர்க் குழுவில் பேஸ் வாசிப்பவருக்கு இதை அவசியம் அனுப்புங்கள்.