பாதியில் நின்ற எழுத்து

தம்பினில் அப்பாவின் வேன் ஒரு வாரம் அசையாமல் கிடந்தது. எஞ்சின் கணினிக்குப் புதிய நிரல் ஏற்றும்போது பேட்டரி இறங்கி, வேலை பாதியில் அறுந்துவிட்டது. "கணினி செத்துவிட்டது, புதிது வாங்குங்கள்" என்றது பட்டறை. அந்த வேன்தான் எங்கள் வீட்டுச் சோறு. என் கல்விக் கட்டணமும் அதுவே.

தோட்டத்தில் வளர்ந்த மெக்கானிக் மாமா மட்டும் அதை ஒப்பவில்லை. "பழைய நிரல் அழிஞ்சிருக்கும், புதுசு முழுசா ஏறியிருக்காது. ஆனா, நிரலை வாங்கி எழுதுற சின்ன நிரல் தனியா ஒரு பகுதியில இருக்கும்டா. அது பெரும்பாலும் அழியாது" என்றார்.

முதலில் ஃபியூஸ்களையும் எர்த் கம்பியையும் சோதித்தார். மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதபடி சீரான மின்சாரம் கொடுத்தார். பிறகு கருவியை இணைத்தார். கணினி பதில் சொன்னது! அந்த வண்டிக்கே உரிய நிரலை முதலிலிருந்து எழுதினார். எஞ்சின் உறுமியது.

நண்பர்களே, பதில் வருகிறதா என்று பார்க்காமல் எதையும் செத்ததென்று ஒதுக்காதீர்கள்.