அயலார் கையில் ஒரு துப்பாக்கி

இந்தப் பக்கத்தில் கவிதையைப் பற்றியும் கதையைப் பற்றியும் படித்துப் பழகிய நண்பர்கள், துப்பாக்கி விற்ற கதை ஒன்று வருமென்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் உடன்பிறந்தார் மூவர். எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். விற்றது எங்கள் அப்பாவின் துப்பாக்கி. முன்பின் அறியாத ஒருவருக்கு அதை விற்பதில் எத்தனை எச்சரிக்கைகள் வேண்டியிருந்தன என்பதையும், அந்த எச்சரிக்கைகளுக்கு யார் விலை கொடுத்தார் என்பதையும் எழுதிவைக்கத் தோன்றியது.

அது பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே குழலின் விட்டம்; 'பன்னிரண்டு' என்ற எண் வந்தது அப்படித்தான். பர்மிங்ஹாமில் செய்தது. தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது, 1976-இல், அப்பா அவரிடமிருந்து வாங்கினார். தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு நிலம். இரவில் பன்றி இறங்கும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெற்ற உரிமம் அது. வானத்தை நோக்கி ஒரு வெடி, அவ்வளவுதான். மற்ற நாள்களெல்லாம் எண்ணெய்த் துணி சுற்றிய நிலையில் மர அலமாரிக்குள் கிடக்கும். தேர்தல் அறிவிப்பு வந்தால் மட்டும் வெளியூர்ப் பயணம்: காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி, முடிவு வந்தபின் மீட்டுவர வேண்டும்.

2024 மார்ச்சில் அப்படி ஒப்படைத்ததை ஜூனில் மீட்டுவந்தபோது அப்பாவுக்கு 81 வயது. "அடுத்த எலெக்‌ஷனுக்கு என்னால தூக்க முடியாதுப்பா" என்றார். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலமும் நெருங்கியிருந்தது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 70 வயது நிறைந்தவரோ 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவரோ வாழும்போதே வாரிசுக்கு மாற்றித்தர வழியுண்டு. மூவரில் எவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அடுக்குமாடி வீட்டில், பேரப்பிள்ளைகளுக்கு நடுவே, அதை எந்த அலமாரியில் வைப்பது என்று தங்கை கேட்டாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

நிற்க. நம் நாட்டில் துப்பாக்கியைக் கடைக்காரர்தாம் விற்க முடியும் என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். அப்படியன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாம் பிரிவில், சொந்தப் பயன்பாட்டுக்கு முறையாக வைத்திருப்பவர் அதை உரிமையுள்ள இன்னொருவருக்கு விற்க அனுமதிக்கிறது. ஆனால் இன்னாருக்கு விற்கப்போகிறேன் என்று வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தபின் 45 நாள்களேனும் கழிய வேண்டும். இதை மீறிய விற்பனையைச் சட்டம் சிறிய குற்றமாகக் கருதுவதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஐந்தாம் பிரிவை மீறி விற்பவருக்குக் குறைந்த தண்டனை ஏழாண்டு. மேல் எல்லை ஆயுள் சிறை.

செய்தி வாய்வழியாகப் பரவியது. முதலில் வந்தது ஒரு குரல் மட்டுமே. கேட்கிற விலைக்குமேல் ஐம்பதாயிரம் தருவதாகவும், பணம் ரொக்கமாகவே கிடைக்கும் என்றும், 'பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்' என்றும் அக்குரல் சொன்னது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் தருவித்துக்கொள்வது 1980-களின் நடுவில் நிறுத்தப்பட்டுவிட்டதால் பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளுக்கு இங்கே கிராக்கி உண்டு. விலை உயர்வதில் வியப்பில்லை. அப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒங்க லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்." மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

இரண்டாமவர் நேரில் வந்தார். தோட்டக்காரர், இனிய பேச்சு. வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடையில் சந்தித்தோம். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கும் நாங்கள் விடை சொல்லவில்லை. விற்பனைக்கு ஒரு பொருள் இருக்கிறது என்ற செய்தியே திருடனுக்குப் போதுமானது. அவர் காட்டியது உரிமத்தின் ஒளிநகல். அதில் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிகள் பதிவாகியிருந்தன. ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது. அதை எடுத்துச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பார்க்கிற ஆள் நம்ம ஆள்தான்" என்றார். பார்க்கிற ஆளை அறிந்தவரைக் கண்டுதான் அதிகம் அஞ்ச வேண்டும் என்று அன்று தோன்றியது.

இவ்விடத்தில் சட்டத்தின் ஒரு சொற்றொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 21 வயது நிரம்பாதவர், வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று உரிய காலம் கழியாதவர், நன்னடத்தைப் பிணையில் இருப்பவர் என்று ஆயுதம் வைத்திருக்கக் கூடாதவர்களை ஒன்பதாம் பிரிவு அடுக்குகிறது. இத்தகையவர் என்றோ, விற்கும் வேளையில் மனநிலை பிறழ்ந்தவர் என்றோ 'அறிந்தும், அல்லது நம்புவதற்குக் காரணம் இருந்தும்' ஒருவருக்கு விற்கக் கூடாது என்பது அதன் கருத்து. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே தொடர் இருக்கிறது. ஆனால் அங்கே 1993-ஆம் ஆண்டின் பிரேடி சட்டம் கொண்டுவந்த பின்னணிச் சோதனை, உரிமம் பெற்ற வணிகரைத்தான் கட்டுப்படுத்துகிறது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தனியார் விற்பனையும் வணிகர் வழியாகவே நடக்க வேண்டும் என்கின்றன. பல மாநிலங்களில், அதே மாநிலத்தவரான முன்பின் அறியாதவரிடம், சோதனை ஏதுமின்றி விற்றுவிடலாம். 'காரணம் இல்லை' என்று சொல்ல அங்கே விற்பவர் கேள்வி கேட்காமல் இருந்தாலே போதும். மனச்சான்றுள்ளவர்கள் அங்கும் அடையாள அட்டையைக் கேட்டு, கைச்சாத்து எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்காரருக்குக் கட்டணம் கொடுத்துச் சோதனை செய்விப்பவர்களும் உண்டு. அதெல்லாம் அவரவர் விருப்பம். நம் சட்டமோ, உரிமையுள்ளவர்தானா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளாமல் கையில் கொடுப்பதையே குற்றமாக்கி வைத்திருக்கிறது. நமக்கு இதுவே சரியென்று படுகிறது.

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் அந்தத் தேர்வெல்லாம் அரசன் தன்னருகில் வைத்துக்கொள்ளப் போகிறவரைப் பற்றியது. பொருளை வாங்கிக்கொண்டு விலகிப்போகிறவரை அப்படித் தேர்ந்தறிய முடியாது. அங்கே முகத்தைவிடத் தாள்தான் நம்பத்தக்கது.

மூன்றாமவர் முன்னாள் படைவீரர், நாற்பத்தாறு வயது. வங்கிகளிலும், பணம் ஏற்றிச்செல்லும் வண்டிகளிலும் துப்பாக்கியோடு நிற்கிறார்களே, அவர்களுள் பலர் சொந்தத் துப்பாக்கியோடு வேலைக்குச் சேர்பவர்கள். துப்பாக்கி இருந்தால் வேலை. சாதாரணக் காவலரைவிடச் சம்பளமும் கூடுதல். இவருக்கு உரிமம் கிடைத்துவிட்டது, துப்பாக்கி வாங்கப் பணம்தான் போதவில்லை. கேட்காமலே மூல உரிமத்தை மேசைமேல் வைத்தார். ஒளிப்படம், முடிவு நாள், எந்த வகை ஆயுதம், எந்த எல்லைக்குள் செல்லும், தேசியப் பதிவில் உள்ள தனித்த அடையாள எண் எல்லாவற்றையும் பார்த்தோம். ஆயுத விவரம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. படைப்பணி விடுவிப்புச் சான்றும் வைத்திருந்தார். அப்பா விலையைத் தாமாகவே குறைத்தார். மறுநாளே ஆட்சியர் அலுவலகம், காவல் நிலையம் இரண்டுக்கும் கடிதம் கொடுத்தோம். ஓரிடம் போதுமென்றாலும் அப்பா இரண்டிடத்திலும் முத்திரையிட்ட ஒப்புகை கேட்டு வாங்கினார். துப்பாக்கியின் எண்ணோடு, மீதமிருந்த ஏழு தோட்டாக்களையும் கடிதத்தில் குறித்திருந்தோம்.

பதினெட்டாம் நாள் அவர் மீண்டும் வந்தார். பணவண்டி நிறுவனம் ஒன்று முதல் தேதியன்று துப்பாக்கியோடு வந்து சேரச் சொல்லியிருக்கிறது. 45 நாள் முடியக் கூடுதலாக இரண்டு வாரம் ஆகும். "ஐயா, பணம் முழுசாக் கொண்டுவந்திருக்கேன். கடிதமும் கொடுத்தாச்சு. யாரும் ஆட்சேபம் சொல்லப்போறதில்ல" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை.

"தம்பி, ஒங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல. நாள் முடியட்டும்" என்றார் அப்பா.

அன்றிரவு எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. சந்தேகம் இல்லையென்றால் காத்திருப்பது எதற்கு என்று அண்ணன் கேட்டார். சந்தேகம் வருகிறவரிடம் மட்டும் விதியைப் பார்ப்பதென்றால், சந்தேகம் வராதபடி பேசத் தெரிந்தவரிடம் தோற்றுப்போவோம் என்றாள் தங்கை. தோட்டக்காரரை நினைத்துச் சொன்னாள். இரண்டும் உண்மை. எச்சரிக்கையெல்லாம் தீயவரை எண்ணி வகுக்கப்படுகிறது. தீயவரோ முதல் தொலைபேசியிலேயே விலகிப்போய்விடுகிறார். வரிசையில் கடைசிவரை நிற்பவர் நேர்மையானவர்தான். அந்த நிலையில் நிற்பவரிடம் 'சட்டம்' என்று சொல்லும்போது நமக்குச் சற்றுக் கூசத்தான் செய்கிறது. கூசினாலும் கொடுக்கவில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று.

நாற்பத்தாறாம் நாள் மதுரையில், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் கைமாற்றினோம். தோட்டா இல்லாமல், உறையிலிட்டு, உரிமத்துடன் அப்பாவே கொண்டுவந்தார். கடைக்காரர் குழலில் பொறித்த எண்ணை இரு உரிமங்களோடும் கடிதத்தோடும் ஒப்பிட்டார். பணம் வங்கி வழியாக வந்து சேர்ந்தது. கைச்சாத்தில் நாளோடு மணியையும் எழுதச் சொன்னார் அப்பா: பகல் 11.40. அன்று மாலை அந்தத் துப்பாக்கியால் எங்கேனும் ஏதேனும் நிகழ்ந்தால், அது யார் கையில் இருந்தது என்பதில் ஐயம் இருக்கக் கூடாதாம்.

படைவீரர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், வேறெதையும் தொடுவதற்கு முன், குழலை மடித்துத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். கடைக்காரர் அப்போதுதான் பார்த்து வைத்திருந்தார், அப்பாவும் பார்த்திருந்தார். ஆயினும் பார்த்தார். உறையையும் எண்ணெய்த் துணியையும் அப்பா அவருக்கே கொடுத்துவிட்டார்.

மறுவாரம் ஆட்சியர் அலுவலகத்தில் உரிமத்தை ஒப்படைத்தோம். இரண்டு மாதம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு நிறுவனத்தில், ஒரு வங்கிக் கிளையில் நிறுத்தியிருக்கிறார்களாம். சம்பளம், முதலில் போவதாக இருந்த இடத்தைவிட 2,000 ரூபாய் குறைவு.